முப்பது நாள் மையம், மூன்றெழுத்துப் பில்

என் தம்பியைக் குடிக்காகச் சேர்த்த போதை மீட்பு மையத்துக்கான மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. முதல் வார வைத்தியத்துக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன். பில்லுக்கு இரண்டு. வீட்டுக்கு அனுப்பிய பிறகான கவனிப்புக்கு ஒன்று. அதுவும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் போடுகிறவரின் உழைப்பை மதித்து.

மையத்தின் பெயரைப் போடவில்லை. என் தம்பி மதுரையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். எழுதிக்கொள் அக்கா, பெயர் மட்டும் எங்கேயும் வரக்கூடாது என்றான். அவன் பெயருக்கு நான் காட்டும் மரியாதையை மையத்துக்கும் காட்டிவிடுகிறேன். பெயரில்லாத விமர்சனத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நீங்கள் எந்த போதை மீட்பு மையத்தில் ஏறி இறங்கினாலும் கையில் தரும் தாளில் இதே எழுத்துகள்தான் இருக்கும்: ஏ.டி.எஸ்., சி.ஐ.டபிள்யூ.ஏ., எல்.எஃப்.டி., எம்.இ.டி., சி.பி.டி., என்.ஆர்., ஆர்.பி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாராவது செய்தாக வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. சில மையங்களில் அந்த வேலை நடக்கிறது. சில மையங்களில் எழுத்து மட்டும் அச்சாகிறது. நாங்கள் போன இடத்தில் இரண்டும் கலந்து இருந்தது.

நான் மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவள். எல்.டி., எச்.டி., சி.டி. மீட்டர் என்று எழுத்துகளோடு குடித்தனம் நடத்தியவள். பில் என்றால் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். இந்த விமர்சனம் அந்தக் கண்ணோடு எழுதியது.

முதலில் நாங்கள் சேர்க்காமல் திரும்பிய ஓர் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். போனில் கேட்டபோதே, "நீங்க வர வேண்டாம் மேடம், அட்ரஸ் மட்டும் சொல்லுங்க, நாலு பேர் வண்டியோட வந்து தூக்கிட்டு வந்துருவாங்க" என்றார்கள். நேரில் போனோம். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையாக மொட்டைத் தலைகள். எல்லாருக்கும் ஒரே நிற டிரவுசர். பதிவு எண் கேட்டேன். சங்கப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் காட்டினார்கள். அது சங்கம் நடத்துவதற்கான பதிவு. மனநலச் சிகிச்சை நிலையம் நடத்த வேண்டுமானால் மாநில மனநல ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். அதைத்தான் எஸ்.எம்.எச்.ஏ. என்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அதாவது எம்.எச்.சி.ஏ., 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மது, போதைப் பொருள்களால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் அது மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதனால் இந்த மையங்களும் அதன் கீழ் வருகின்றன. கட்டாயமாக மொட்டை அடிக்கக்கூடாது, சொந்த உடை போட விரும்புகிறவரைத் தடுக்கக்கூடாது, சங்கிலியால் கட்டக்கூடாது என்றெல்லாம் அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நான் மொட்டை விஷயத்தைக் கேட்டபோது அந்த மேலாளர், "பேன் வந்துரும் மேடம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இனி நாங்கள் சேர்த்த இடம். நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே கொஞ்ச தூரம், இரண்டு மாடி, சுற்றிலும் வேப்பமரம். எஸ்.எம்.எச்.ஏ. பதிவுச் சான்றிதழ் வரவேற்பறையிலேயே மாட்டியிருந்தது. முப்பது நாள் தொகுப்புக் கட்டணம் 45,000 ரூபாய். மருந்து, ரத்தப் பரிசோதனை தனி. மூன்று பேருக்கு ஒரு அறை. கழிப்பறை சுத்தம். சாப்பாடு சுமார், ரசம் மட்டும் நன்றாக இருக்கும் என்று தம்பி சாட்சி. டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார்கள். குடியை நிறுத்திய புதிதில் இனிப்புத் தேடும் என்பதால் தெரிந்தே அப்படிப் போடுகிறார்களாம். சமாளிப்பா உண்மையா என்று ஆராயவில்லை, அவன் குடித்தான்.

சேர்க்கும் அன்று ஒரு கவுன்சலர் உட்காரவைத்து அவனிடம் நான்கு கேள்வி கேட்டார். ஃபைலில் அதற்கு 'கேஜ்' என்று எழுதியிருந்தது. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்தைச் சேர்த்த பெயர். அமெரிக்காவில் வகுத்தது, 1984இல் மருத்துவ இதழில் வந்தது. ஆனால் அந்தப் பெண் கேட்ட விதம் நம் ஊர்ப் பேச்சு. குறைச்சுக்கணும்னு எப்பவாவது தோணிருக்காண்ணே? வீட்ல யாராச்சும் குடியைப் பத்திப் பேசினா சுள்ளுன்னு வருதா? குடிச்சதை நினைச்சு மனசு உறுத்திருக்கா? காலைல எந்திரிச்சதும் கை நடுக்கம் நிக்கிறதுக்கு ஒரு கட்டிங் போட்டாத்தான் ஆகுதா? கடைசிக் கேள்விக்கு அவர் சேர்த்த ஒரு வரி எனக்குப் பிடித்தது: "கடை பன்னெண்டு மணிக்குத்தான திறக்குது, அதுக்கு முன்னாடி எங்க வாங்குறீங்க?" பிளாக்கில் வாங்குவதாகத் தம்பி ஒப்புக்கொண்டான். இரண்டு 'ஆமாம்' வந்தாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது கணக்கு. அவனுக்கு நான்கும் ஆமாம்.

அடுத்தது ஆடிட். எனக்குப் பழக்கமான ஆடிட் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். எட்டைத் தொட்டால் அபாயகரமான குடி, 20ஐத் தொட்டால் குடிச்சார்பு இருக்கக்கூடும். இதில் இரண்டாவது கேள்வி, குடிக்கிற நாளில் எத்தனை 'டிரிங்க்' என்பது. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, "ரெண்டுதான்" என்றான். அவன் சொன்னது இரண்டு குவார்ட்டர். கவுன்சலர் சிரிக்காமல் கணக்குப் போட்டார். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம் கடைச் சரக்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். 30 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம் சுத்த ஆல்கஹால், அதுதான் ஒரு டிரிங்க். ஆக ஒரு குவார்ட்டருக்கு ஆறு, அவனுக்கு தினமும் பன்னிரண்டு. அதே தாளின் மூன்றாவது கேள்வி, ஒரே அமர்வில் ஆறோ அதற்கு மேலோ எத்தனை தடவை குடிக்கிறீர்கள் என்று கேட்கிறது. நார்வே, கென்யா, மெக்சிகோ, பல்கேரியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் சோதித்து வகுத்த தாள் அது. அங்கே ஆறு என்பது ஒரு பெரிய இரவு. இங்கே அது சாதாரணமாகக் கடையில் நீட்டுகிற ஒரு பாட்டில். தாளை இயந்திரம்போல் நிரப்பியிருந்தால் 'இரண்டு' என்று எழுதி அவனை லேசான கேஸ் ஆக்கியிருப்பார்கள். இங்கே 27 வந்தது. ஏ.டி.எஸ். என்று ஃபைல் அட்டையில் எழுதினார்கள். மதுச் சார்பு நோய்த் தொகுப்பு. டாஸ்மாக் என்ற ஒரே எழுத்துச் சுருக்கத்தை மட்டும் தெரிந்துவைத்திருந்த எங்கள் அம்மா, இது என்ன எய்ட்ஸா என்று பதறியது தனிக் கதை.

சேர்க்கைப் படிவத்தில் என்.ஆர். என்று ஒரு கட்டம். நியமனப் பிரதிநிதி. எம்.எச்.சி.ஏ. படி, நோயாளி தன் சார்பில் ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். தானாக முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் டாக்டர்கள் அவரோடு பேசுவார்கள். தம்பி என் பெயரை எழுதினான். அவன் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். பதினெட்டு வருடமாகச் சட்டையைத் துவைத்தவள், வாந்தியைக் கழுவியவள், பட்டறைக் கடனுக்கு நகை கொடுத்தவள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. "நீங்களே பாத்துக்கங்க மதினி" என்று மட்டும் சொன்னாள். இதில் மையத்தின் மேல் எனக்குக் குறை உண்டு. அந்தப் படிவத்தை நீட்டும் முன் ஐந்து நிமிடம் எல்லாரையும் உட்காரவைத்து, இது சொத்து விவகாரம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். வரவேற்பில் இருந்த பையன், "என்.ஆர். யாருங்க, சீக்கிரம் சொல்லுங்க" என்று பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தான். மதிப்பெண் குறைந்ததில் ஒரு பங்கு அந்தப் பேனாவுக்கு.

ஆனால் தம்பி கையாலேயே சேர்க்கைக்கு எழுதி வாங்கினார்கள். அதையும் சொல்ல வேண்டும். தன் விருப்பத்தில் சேர்கிறவர் போக வேண்டும் என்று கேட்டால் சும்மா அடைத்து வைக்க முடியாது என்பதையும் அவனிடமே சொன்னார்கள். குடும்பத்துக்கு அதைக் கேட்க வயிற்றைக் கலக்கும். இருந்தாலும் வெளியே போகலாம் என்று தெரிந்துதான் அவன் உள்ளே இருந்தான்.

இப்போது அந்த ஐந்து மதிப்பெண் சமாசாரம். குடியை நிறுத்திய இரண்டாம் நாளில் இருந்து நான்காம் நாள் வரைதான் ஆபத்து அதிகம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இது பலருக்குத் தெரிவதில்லை. தினமும் குடிக்கிற ஆளை வீட்டில் அறையில் போட்டுப் பூட்டி, "மூணு நாள் கிடந்தா தெளிஞ்சிரும்" என்கிறோம். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். தம்பிக்கு அந்த ஆபத்து மூன்றாம் நாள் ராத்திரி வந்தது. இரவுப் பணி நர்ஸ் போன் பண்ணி, "டி.டி. போகாம பாத்துக்கிட்டு இருக்கோம் மேடம், பயப்படாதீங்க" என்றார். எங்கள் துறையில் டி.டி. என்றால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர். அது போனால் ஒரு தெருவே இருட்டு. அந்த நேரத்தில் என் மூளை அங்கேதான் போனது. நர்ஸ் பொறுமையாகச் சொன்னார்: டெலிரியம் டிரெமன்ஸ், நடுக்கத்தோடு சித்தம் கலங்கிப்போவது.

குடியை நிறுத்தியதால் வரும் அவதியை அளந்து எழுதுகிற தாளை மறுநாள் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சி.ஐ.டபிள்யூ.ஏ., கடைசியில் ஒட்டிய ஏ.ஆர். என்பதில் ஏ என்றால் ஆல்கஹால், ஆர் என்றால் திருத்திய வடிவம். கனடாவின் டொரன்டோவில் உருவான அளவுகோல். குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், நிலைகொள்ளாமை, தோலில் பூச்சி ஊர்வதுபோன்ற உணர்வு, காதில் சத்தம், கண்ணில் தோற்றம், தலைவலி, இடம் காலம் தெரிகிறதா என்று பத்து வரிகள். முதல் ஒன்பதுக்கும் ஏழு வரை, கடைசிக்கு நான்கு வரை, ஆக மொத்தம் 67. நேரம் குறித்து மீட்டர் ரீடிங் எடுப்பதுபோல அவர்கள் அதை எடுத்திருந்தார்கள். இரவு பத்து மணிக்கு 14. பதினொன்றுக்கு 19. பன்னிரண்டுக்கு 23, பக்கத்தில் 'சுவரில் எறும்பு என்கிறார்' என்று தமிழில் ஒரு குறிப்பு, கொடுத்த ஊசியின் அளவு, கையெழுத்து. இரண்டு மணிக்கு 16. விடியும்போது 9. ஒரு ரீடிங்கும் விட்டுப்போகவில்லை, ஒன்றும் ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதியதுபோல் இல்லை. பொய் ரீடிங்கைப் பார்த்தே கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தவள் சொல்கிறேன், அது நிஜமான தாள்.

இன்னொன்றையும் கவனித்தேன். குளுக்கோஸ் ஏற்றும் முன்னால் தயமின் ஊசி போட்டிருந்தார்கள். வைட்டமின் பி1தான். பல வருடம் குடித்தவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்கே பாதிப்பு வரலாம் என்று டாக்டர் விளக்கினார். கல்லீரல் கெட்டிருந்ததால் மருந்திலும் பார்த்துத் தேர்ந்தெடுத்து லோராசெபாம் கொடுத்தார்கள். எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் பரிசோதனைத் தாளில், கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்.ஜி.ஓ.டி. 212, எஸ்.ஜி.பி.டி. 88 என்று இருந்தது. முதலாவது இரண்டாவதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டினால் அது பெரும்பாலும் மதுவின் கைவரிசை என்று அவர் காட்டிக்கொடுத்தார். அதே வகையைச் சேர்ந்த ஜி.ஜி.டி.யும் எகிறியிருந்தது. ஒவ்வொரு எண்ணையும் தமிழில் சொல்லக்கூடிய டாக்டர் அவர். அந்த ஆளுக்காகவே மறுபடியும் யாருக்காவது இந்த மையத்தைப் பரிந்துரைப்பேன்.

அம்மா அவரிடம் ரகசியமாக ஒன்று கேட்டாள். தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிற பொடி விற்கிறார்களே, அதை எழுதிக்கொடுங்கள் என்று. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டி.எஸ்.எஃப். என்று சீட்டில் எழுதுகிற டைசல்ஃபிரம் மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். விவரம் தெரிந்து சம்மதித்தவருக்கு, கல்லீரலும் இதயமும் தாங்கும் என்றால் மட்டும், கண்காணிப்பில் கொடுப்பது. சொல்லாமல் கலப்பது மருந்து இல்லை, விஷம் வைப்பது என்றார். தம்பியின் கல்லீரலுக்கு அது ஆகாது என்று ஏக்கத்தைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட்டை எழுதினார், சிறுநீரகப் பரிசோதனை பார்த்த பிறகு. பொடி விற்கிறவர்களின் விளம்பரத்தை வெட்டி வைத்திருந்தாள் அம்மா. அதை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

பக்கத்துக் கட்டில்காரர் பத்தாம் நாள் கிளம்பிவிட்டார். "அவரு லாமா ஆயிட்டாரு" என்றார் நர்ஸ். டாக்டர் சொல்லைக் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவரை மருத்துவமனைகளில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மா, "பரவால்ல, நல்ல வழிதான்" என்றாள். புத்தத் துறவியாகித் திபெத்துப் பக்கம் போய்விட்டார் என்று நினைத்திருக்கிறாள். நர்ஸ் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

மூன்றெழுத்துகள் சந்தேகத்துக்கு இடமாக ஆரம்பித்தது இரண்டாவது வாரத்தில் இருந்துதான். எம்.இ.டி. என்பது மாற வேண்டும் என்ற எண்ணத்தை அவர் வாயிலிருந்தே வரவழைக்கும் பேச்சு. சி.பி.டி. என்பது எந்த நினைப்பு, எந்த இடம், எந்த ஆள் குடியை நோக்கித் தள்ளுகிறது என்று பிரித்துப் பார்த்துப் பழகுவது. ஆர்.பி. என்பது மறுபடி விழாமல் இருக்கும் திட்டம். எம்.இ.டி. உண்மையாகவே நடந்தது. சேர்க்கையன்று கேள்வி கேட்ட அதே பெண்தான் நடத்தினார். தம்பி அவரைப் பற்றி, "அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லலக்கா, நாந்தான் எல்லாம் சொன்னேன்" என்றான். அந்தச் சிகிச்சைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. சி.பி.டி. கதை வேறு. பில்லில் ஆறு அமர்வு, தலா 600 ரூபாய். தொகுப்புக் கட்டணத்தில் சேராதது என்று தனியாக. என்னப்பா நடந்தது என்று கேட்டேன். "ஹால்ல எல்லாரையும் உக்கார வச்சு புரொஜெக்டர்ல வீடியோ போட்டாங்க." எத்தனை பேர்? "ஒரு இருபது பேரு." கணக்கரிடம் போய், ஆறு அமர்வுக்கும் தேதியும் நடத்தியவர் கையெழுத்தும் கேட்டேன். இரண்டுக்குத்தான் இருந்தது. கொஞ்சம் இழுத்தடித்து, மீதி நான்கையும் அடித்துவிட்டு 2,400 ரூபாயைக் கழித்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் கேட்காதவர்கள் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

எஃப்.டி.என்.டி. பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. புகையிலைக்கு எவ்வளவு அடிமை என்று அளக்கும் ஆறு கேள்விகள். எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்பதில் தொடங்கும். மொத்தம் 10. தம்பிக்கு எட்டு. அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். அந்த மையத்தின் உள்ளேயே உள்ள சின்னக் கடையில் அவன் பெயரில் கணக்கு வைத்து தினமும் பீடிக் கட்டு கொடுத்திருக்கிறார்கள். "எல்லாத்தையும் ஒரே நேரத்துல நிறுத்தினா ஓடிப்போயிருவாங்க மேடம்" என்று விளக்கம். அது வைத்திய முடிவு என்றால் டாக்டர் எழுதட்டும், நிக்கோட்டின் சூயிங்கம் கொடுக்கட்டும். கடையில் லாபம் வைத்து விற்பது எந்த சிகிச்சை? பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டு கோட்பா சட்டத்தின் பலகை அதே சுவரில்தான் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே நின்றுதான் புகைக்கிறார்கள்.

காப்பீடு பற்றி ஒரு எச்சரிக்கை. காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைப் பார்க்கும் டி.பி.ஏ.விடம் பணமில்லாச் சிகிச்சைக்கு விண்ணப்பித்தோம். மறுத்துவிட்டார்கள். மனநோய்க்குக் காப்பீடு கொடுக்க வேண்டும் என்று எம்.எச்.சி.ஏ. சொல்கிறது உண்மைதான். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த விலக்குப் பட்டியலில் 12ஆம் எண், மதுப்பழக்கம், போதைப்பழக்கம், அவற்றின் விளைவுகள் ஆகியவற்றுக்கான சிகிச்சையைக் காப்பீட்டில் இருந்து விலக்க இடம் கொடுக்கிறது. பாலிசியில் 'எக்ஸ்க்ளூஷன் 12' என்று தேடிப் பாருங்கள். இருந்தால், முழுத்தொகையும் கையில் இருந்துதான். மையத்தில் சேர்க்கும்போது, "இன்சூரன்ஸ் பாத்துக்கலாம் மேடம்" என்று சொன்னவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு வேறு எழுத்துகள் இருக்கின்றன. அவற்றையும் சொல்கிறேன், ஏனென்றால் தனியார் மையத்தில் அதைச் சொல்லமாட்டார்கள். ஐ.ஆர்.சி.ஏ. என்றால் மத்திய சமூகநீதித் துறை உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையம். ஏ.டி.எஃப். என்றால் அரசு மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் போதைச் சிகிச்சைப் பிரிவு. டி.எம்.எச்.பி. என்றால் மாவட்ட மனநலத் திட்டம். சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு இந்திராநகரில் டி.டி.கே. மருத்துவமனை. 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அறக்கட்டளையின் கீழ் நடக்கிறது. குடியை ஒழுக்கக்கேடு என்று பார்க்காமல் நோய் என்று பார்க்கும் பேச்சு நம் ஊரில் பரவியதில் அந்த இடத்துக்குப் பங்குண்டு. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வில், மதுச் சார்பு உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180க்கு ஒருவர். இதைப் படித்த பிறகு தம்பியின் அறையில் இருந்த மூன்று கட்டில்களைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கொடுத்த தாளில் பெரிய எழுத்தில் 'ஹால்ட்' என்று இருந்தது. பசி, கோபம், தனிமை, களைப்பு. நான்கில் ஒன்று வந்தாலும் நின்று யோசி என்பது. ஆங்கில முதல் எழுத்துகள் சேர்ந்து 'நில்' என்று ஆகும். உள்ளதிலேயே உருப்படியான எழுத்துச் சுருக்கம் இதுதான் என்பது என் கருத்து. தம்பி மனைவி அதைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினாள். மாலை ஆறு மணிக்கு அவனுக்குப் பட்டறைக்கே டிபன் போகிறது. பசியோடு கடையைக் கடந்து வீட்டுக்கு நடக்க வேண்டியதில்லை. மையம் ஆயிரம் பேசியும் சொல்லாத யோசனை, அவளாகவே கண்டுபிடித்தாள்.

அதன் பிறகு மையம் காணாமல்போனது. 'ஆஃப்டர் கேர்' என்று கையேட்டில் ஒரு முழுப் பக்கம். நடைமுறையில் அந்த வாட்ஸ்அப் குழு, அப்புறம் மாதம் ஒருமுறை ஓ.பி., அதற்குத் தனிக் கட்டணம். எங்களைத் தாங்கிப் பிடித்தது ஏ.ஏ.தான், அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது, எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சாயங்காலம் கூடுகிறது. கட்டணம் இல்லை. பை சுற்றி வரும், இஷ்டம் இருந்தால் போடலாம். குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டத்துக்கு நான் போனேன். எழுந்து நின்று, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொருவரும் பேசுகிறார்கள். வங்கி அதிகாரியும் கொத்தனாரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். குடியை நிறுத்திய நாளைப் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவருக்கு அன்று ஏழு வயது, கேக் வெட்டினார். எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். கடவுளைப் பற்றிய பேச்சு தம்பிக்கு இன்னமும் நெருடுகிறது. டீக்காகவும் ஆட்களுக்காகவும் போகிறேன் என்கிறான். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அவன் மனைவி போகிறாள். என்ன பேசினாய் என்று கேட்டால் சொல்லமாட்டாள், அது அங்கே விதி.

நடுவில் ஒரு ராத்திரி அவன் வீட்டுக்கு வர நேரமாகி, அவள் பயந்து 14416க்குப் போன் பண்ணியிருக்கிறாள். டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண், இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது, தமிழில் பேசுகிறார்கள். எடுத்த பெண் அறிவுரை சொல்லாமல், இப்போது அவர் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள், பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்டாராம். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பதற்றம் இறங்கிவிட்டது என்றாள். அவன் குடித்திருக்கவில்லை, ஒரு அவசர வேலை. போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்று இன்னொரு இலவச எண்ணும் இருக்கிறது.

சேர்க்க நினைக்கிறவர்களுக்குச் சில தகவல்கள். பார்வையாளர் நேரம் ஞாயிறு காலை மட்டும். முதல் வாரம் யாரையும் விடமாட்டார்கள். வெளித் தின்பண்டம் அனுமதி இல்லை, வாழைப்பழம் உண்டு. சேர்க்கும் நாளிலேயே சிகிச்சைத் தாள்களின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், சட்டப்படி நோயாளிக்கு அந்த உரிமை உண்டு. கடைசி நாளில் கேட்டால் அலைய விடுகிறார்கள். தனியாகக் கட்டணம் போடுகிற ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும், இதை யார் நடத்துவார், எத்தனை பேரோடு, எவ்வளவு நேரம் என்று முதல் நாளே கேளுங்கள். பெயரைச் சொல்லிப் பதில் வந்தால் அது நடக்கும்.

பெண்களுக்கு அங்கே படுக்கை கிடையாது. நான் பில்லுக்காகக் காத்திருந்தபோது ஒரு அம்மா கல்லூரி முடித்த மகளுக்காக விசாரிக்க வந்தார். "லேடீஸ் கேஸ் எடுக்கிறதில்லம்மா, ஓ.பி. மட்டும்தான்" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பதில். வேறு எங்கே போகலாம் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து 14446ஐ எழுதிக் கொடுத்தேன், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் முதலில் காட்டச் சொன்னேன். பெண்களுக்காகத் தேடுகிறவர்கள், இடம் இருக்கிறதா என்று போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.